பிபிஎஃப் ஒட்டிய பிறகு சென்சார் மக்கர்: எங்கே தேடுவது, எதை அவசரப்பட்டுத் தொடக் கூடாது

வேலை நடந்த விவரம் முதலில். ஒரு கார் முழுக்க 8 மில் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஃபிலிம்), அதாவது சுமார் 200 மைக்ரான் தடிமன். அதன் மேல் செராமிக் கோட்டிங். முன்கண்ணாடிக்குத் தனியாகத் தண்ணீர் ஒட்டாத கோட்டிங். விளிம்பு மடிப்பு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக இரண்டு பம்பரையும் கழற்றி ஃபிலிம் ஒட்டி மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

வண்டி வெளியே வந்த பிறகு எழுந்த புகார்கள் நான்கு. எதிரே ஒன்றுமே இல்லாதபோதும் முன் இடது பார்க்கிங் சென்சார் விடாமல் பீப் அடிக்கிறது. முன் வண்டிக்கேற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் ‘முன் ரேடார் மறைந்துள்ளது’ என்று அணைந்துவிடுகிறது. ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, வலது பக்கம் வண்டி இல்லாமலே எரிகிறது. இரவில் எதிர் விளக்கு அடிக்கும்போது லேன் உதவி (வண்டி லேன் கோட்டைத் தாண்டாமல் கவனிக்கும் அமைப்பு) விட்டுவிட்டு வேலை செய்கிறது.

ஒரே வேலைக்குப் பிறகு வந்த புகார்கள் என்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஃபிலிம் மொத்தத்தையும் உரித்துவிடலாம் என்பார் ஒருவர், எல்லாவற்றையும் கேலிப்ரேஷன் செய்துவிடலாம், அதாவது சென்சார்களின் பார்வைக் கோணத்தைத் திரும்ப அளந்து பதிந்துவிடலாம் என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. பார்க்கிங் சென்சார் ஒலியால் பார்க்கிறது, ரேடார் ரேடியோ அலையால் பார்க்கிறது, கேமரா ஒளியால் பார்க்கிறது. ஒன்றைக் கெடுக்கும் படலம் இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே எந்தப் புகார் எந்த அலையைச் சேர்ந்தது என்று பிரித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த வண்டியில் நான்கு புகாருக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டுக்கு ஃபிலிமோடு சம்பந்தமே இல்லை.

பேட்டரியும் ஸ்கேனரும்

பிபிஎஃப் வேலை இரண்டு மூன்று நாள் இழுக்கும். அந்த நாட்களில் கதவு திறந்து மூடப்படும், உள் விளக்கு எரியும், ஒவ்வொரு முறையும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும், ஆனால் எஞ்சின் ஓடாது. பேட்டரி இறங்கிப்போவது சகஜம். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. இறங்கிய பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியும், உதவி அமைப்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆளுக்கொரு கோளாறு எழுதி வைத்துக்கொள்ளும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யாமல், கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பேயை விரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருந்தால் ஸ்டீயரிங் கோண சென்சார் தன் நடுநிலையை மறந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, சிறிது தூரம் நேராக ஓட்டினால் பல வண்டிகளில் அது தானே சரியாகிவிடும்.

சார்ஜ் ஏறிய பிறகு எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து, வந்த கோளாறுக் குறியீடுகளை (கோடு, code) சேமித்து, பிறகு அழித்து, இரண்டாம் முறை ஸ்கேன் செய்ய வேண்டும். உடனே திரும்பி வருவது நிஜமான, நடப்பிலுள்ள கோளாறு. ஓட்டிய பிறகு மட்டும் திரும்புவது நிலைமையைப் பொறுத்தது. ஃபிலிம் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். கோடின் முதல் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ‘யு’ என்று தொடங்கினால் அது பெட்டிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு. உதாரணமாக யு0235 (U0235) வந்தால் முன்பக்கத் தூர சென்சாரோடு பேச முடியவில்லை என்று பொருள். எந்த ஃபிலிமாலும் அந்தக் கோடு வராது. பம்பரை மாட்டும்போது கனெக்டர் சரியாக உட்காரவில்லை, பின் வளைந்திருக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

பார்க்கிங் சென்சார்: ஒலிக்கு இடைவெளி வேண்டும்

பம்பரில் தெரியும் வட்டமான பொட்டு, அடியில் பீசோ தகடு (மின்சாரம் கொடுத்தால் அதிரும் தகடு) ஒட்டிய மெல்லிய அலுமினியச் சவ்வு. அது 40 முதல் 58 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு அதிர்வெண்ணில் சிறிது நேரம் அதிர்ந்து ஒலியை அனுப்பி, பிறகு அமைதியாகி எதிரொலியைக் கேட்கிறது. பேசுவதும் கேட்பதும் ஒரே சவ்வுதான். மணி அடித்ததும் ரீங்காரம் கொஞ்ச நேரம் நிற்பது போல, அனுப்பி முடித்த பிறகும் சவ்வு ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி அதிர்ந்துகொண்டிருக்கும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். ஒரு மில்லிவினாடியில் ஒலி 34 செ.மீ போகும், போய்வரும் கணக்கில் 17 செ.மீ. அந்தத் தூரத்துக்குள் இருப்பதை சென்சாரால் பார்க்க முடியாது. ரீங்காரம் நீண்டாலோ, மிக அருகில் ஏதோ நிற்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

சவ்வைச் சுற்றியுள்ள மெல்லிய சிலிக்கோன் வளையம் தண்ணீர் போகாமல் தடுக்கும் வாஷர் மாதிரி தெரியும். அதன் முக்கிய வேலை வேறு: சவ்வின் அதிர்வு பம்பருக்குப் போகாமல் பிரித்து வைப்பது. சவ்வு, வளையம், பம்பர் மூன்றின் மேலும் ஒரே ஃபிலிமை இழுத்து ஒட்டினால், அந்தப் பிரிவின் மேல் பாலம் கட்டியதாகிறது. அதிர்வு ஃபிலிம் வழியாக பம்பர் தோலுக்குப் போகிறது, தோல் அதிர்கிறது, அந்த அதிர்வு திரும்பி வருகிறது. இந்த வண்டியின் இடது சென்சாரில் இதுதான் நடந்திருந்தது. மற்ற மூன்று முன் சென்சார்களைச் சுற்றித் துளை சரியாக வெட்டியிருந்தார்கள், இது ஒன்று விட்டுப்போயிருந்தது. பளபளப்பான ஃபிலிம் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைத் தேட வேண்டும், அல்லது நகத்தால் மெல்ல வருடிப் பார்க்க வேண்டும்.

ஃபிலிமைச் சவ்வின் அளவுக்கே வட்டமாக வெட்டி அதன் மேல் மட்டும் ஒட்டினால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். பாலம் இருக்காது, ஆனால் சவ்வின் எடை கூடும், பசை அதிர்வை விழுங்கும். பீப் தொல்லை வராமல் இருக்கலாம், தூரம் குறையும். ஒன்றரை மீட்டரில் எச்சரிக்க வேண்டியது ஒரு மீட்டரில் எச்சரித்தால் ஓட்டுபவர் கவனிக்கவே மாட்டார். விடாமல் பீப் அடிக்கும் சென்சாரைவிட இது மோசம். பார்க்கிங் சென்சார் முகத்தில் ஃபிலிம் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

எந்த சென்சார் என்று அறிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கைபிரேக் போட்டு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சென்சார்கள் விழிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விரல் நுனியைச் சவ்வின் மேல் லேசாக வைத்தால் ‘டிக் டிக்’ என்ற துடிப்பு உணரும். சத்தமில்லாத இடத்தில் காதை அருகில் கொண்டுபோனால் கேட்கும். துடிப்பே இல்லை என்றால் மின்சாரமோ வயரோ. மற்றதைவிட மந்தமாக இருந்தால் முகத்தில் ஏதோ படிந்திருக்கிறது. ஸ்கேனரில் நேரடித் தரவு பார்க்க முடிந்தால் ஒவ்வொரு சென்சாரின் தூரமும் தனியாகத் தெரியும். சில வண்டிகளில் ரீங்கார நேரமும் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எடுப்பாகக் கூடியிருந்தால் அங்கேதான் பாலம்.

எடுக்கும் முறையில்தான் பல சென்சார்கள் சாகின்றன. சவ்வைச் சுற்றிக் கத்தியை ஓட்டி வட்டம் வெட்டுவது கூடவே கூடாது. 200 மைக்ரான் ஃபிலிமை வெட்டும் கத்தி, அடியிலிருக்கும் சிலிக்கோன் வளையத்தையும் சேர்த்தே வெட்டும். வளையத்தில் கீறல் விழுந்தால் இன்று ஒன்றும் தெரியாது, பின்னால் ஒரு மழையில் தண்ணீர் உள்ளே போகும். சரியான வழி சென்சாரைப் பின்பக்கமாக வெளியே எடுத்துவிடுவது. பம்பரின் உட்புறம் கை எட்டினால் இரண்டு கிளிப்பை விரித்து சென்சாரை உள்நோக்கி இழுக்கலாம். இழுக்கும் முன் வெளியே ஃபிலிமை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்க வேண்டும், பசை விடும். கை தாங்குகிற சூட்டைவிடச் சற்றே அதிகம், 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் போதும். அகச்சிவப்பு வெப்பமானி வைத்து அளந்தால் ஊகம் தேவையில்லை. சென்சார் போனதும் துளையின் மேல் ஃபிலிம் மட்டும் முரசுத்தோல் போல நிற்கும். நடுவில் ஒரு குத்து, பிறகு வளைந்த முனையுள்ள சின்னக் கத்தரியால் துளை விளிம்பு வரை வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். பெயின்ட்டையோ சென்சாரையோ எதுவும் தொடாது. மிச்சத்தை உள்ளே மடித்துவிடலாம் என்ற ஆசை வரும். மடித்தால் வளையத்துக்கும் துளைச் சுவருக்கும் நடுவே அது நெருக்கும், பழைய புகாரே வேறு வழியில் திரும்பும்.

சென்சார் முகத்தில் பசை ஒட்டியிருந்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காதுப் பஞ்சில் தொட்டு உருட்டி எடுக்கலாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் வேண்டாம். முதல் இரண்டும் முகத்தின் பெயின்ட்டைக் கரைக்கும், பெட்ரோல் சிலிக்கோனை ஊத வைக்கும். எமரித் தாளும் வேண்டாம்.

செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான்தான், முகத்தின் மேல் சமமாகப் படர்ந்தால் அதன் பாரம் பொருட்டல்ல. ஆனால் துடைக்காமல் விட்ட திரவம் வளையத்துக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி கெட்டியானால் அதுவும் பாலம்தான். பூசிய சிறிது நேரத்துக்குள் கண்டால் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். இறுகிய பிறகு மரப் பல்குத்தியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும், உலோக ஊசியால் அல்ல. அதிலும் போகவில்லை என்றால் சென்சாரையே மாற்றுவது நேர்மையான முடிவு. பாலிஷ் தூள் வெள்ளையாக அடைத்திருந்தால் ஈரமான மென்மையான பிரஷ் போதும்.

திரும்ப மாட்டும்போது திசை முக்கியம். சென்சாரின் ஒலிக்கற்றை கிடைமட்டத்தில் அகலமாகவும் செங்குத்தில் குறுகலாகவும் இருக்கும். 90 டிகிரி திருப்பி மாட்டிவிட்டால் அது தரையையே தடையாகப் பார்க்கும். அப்போது ஃபிலிமை எடுத்தும் பீப் நிற்காது, பழி ஃபிலிம் மேல் விழும். கழற்றும் முன் கனெக்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

முன் ரேடார்: ஃபிலிமைவிட அதன் அடியில் இருப்பது

இன்றைய முன் ரேடார்கள் 76 முதல் 77 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அலைநீளம் காற்றில் சுமார் 3.9 மி.மீ. எதை முன்னால் வைத்தாலும் மில்லிமீட்டர் கணக்கில் பாதிக்கும் என்பது இதிலிருந்தே தெரியும். ரேடாருக்கு முன்னாலுள்ள பிளாஸ்டிக் மூடியின் தடிமனை, அந்தப் பொருளுக்குள் அலைநீளத்தின் பாதியோ அதன் மடங்கோ வரும்படி வடிவமைக்கிறார்கள். முன் பரப்பிலும் பின் பரப்பிலும் தெறிக்கும் அலைகள் அப்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீனில் பாதி அலைநீளம் ஏறக்குறைய 1.3 மி.மீ.

இதன் மேல் 0.2 மி.மீ பிபிஎஃப் ஒட்டினால்? அது யூரித்தேன் பிளாஸ்டிக், மின்கடத்தா மாறிலி (அலையை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்பதைச் சொல்லும் எண்) சுமார் 3 என்று வைத்தால், அலைக்கு அது 0.35 மி.மீ காற்று மாதிரி. அலைநீளத்தில் கிட்டத்தட்ட 9 சதவீதம். நிறுவனம் கணக்கிட்டு வைத்த பொருத்தம் கொஞ்சம் நகரும், தெறிப்பு கூடும். கொஞ்சம் இழப்பைத் தாங்கும்படி தாராளமாக வடிவமைத்த ரேடார் இதைத் தாங்கிக்கொள்ளும், விளிம்பில் நிற்கும் ரேடார் தாங்காது. அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் அடித்த பம்பருக்குப் பின்னால் ரேடார் இருந்தால், பெயின்ட் ஏற்கனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும். அங்கே ஃபிலிம் தாங்கும் எல்லையைத் தாண்டவைக்கும் கடைசிச் சுமையாக அமையலாம். பல வண்டிகளின் கையேடு ரேடார் மூடியிலும் சுற்றியும் ஒளிபுகும் ஸ்டிக்கரைக்கூட ஒட்டாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கையேடு அப்படிச் சொன்னால் அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

ஆனால் நடைமுறையில் ரேடாரை மறைப்பது பெரும்பாலும் சமமாக ஒட்டிய ஒற்றை ஃபிலிம் அல்ல. அடியில் சிக்கிய தண்ணீர், குமிழி, ஃபிலிம் இரட்டையாக ஏறிய இடம் ஆகியவைதான். பிபிஎஃப் ஈரத்தில்தான் ஒட்டுவார்கள். சோப்பு கலந்த நீரைத் தெளித்து, ஃபிலிமை நகர்த்தி, ஸ்க்வீஜியால் (ரப்பர் வழிப்பான்) நீரை வெளியே தள்ளுவார்கள். மிச்ச ஈரம் போக நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். 77 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் கடுமையாக விழுங்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நீர்ப்படலமே வலுவான இழப்பைத் தரும், அதுவும் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. ஒட்டிய முதல் வாரத்தில் ரேடார் எச்சரிக்கை வந்து நாளுக்கு நாள் குறைந்தால் காரணம் ஈரம். வெயிலில் நிறுத்திக் காயவிட்டு மறுபடி சோதித்தாலே போதும், உரிக்க வேண்டியதில்லை. குறையாமல் ஒரே மாதிரி வந்தால் மேலே போக வேண்டும்.

இந்த வண்டியில் ரேடார் கீழ் கிரில்லில் தனிக் கறுப்பு மூடிக்குப் பின்னால் இருந்தது. டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பார்த்தபோது மூடியின் கீழ்ப் பாதியில் பால் போல மங்கல், ஓரத்தில் ஒரு நீர்க் குமிழி. அதோடு பம்பரின் இரண்டு ஃபிலிம் துண்டுகள் சந்திக்கும் இடம் மூடியின் குறுக்கே போய், ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தது. அந்தப் பட்டையில் ஃபிலிம் 0.4 மி.மீ, இரு பக்கமும் படிக்கட்டு. அலை ஒரு பகுதியில் ஒரு தாமதத்தோடும் பக்கத்தில் வேறொரு தாமதத்தோடும் போனால் வலிமை குறைவதோடு நிற்காது, இலக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற கணக்கும் கலங்கும்.

பம்பரின் மற்ற இடத்தில் நீர்க் குமிழி என்றால் மெல்லிய ஊசியால் ஓரத்தில் ஒரு குத்து, ஸ்க்வீஜியால் ஒரு தள்ளு, முடிந்தது. ரேடாரின் முன்னால் அந்தச் சிக்கனம் வேண்டாம். மூடி தனித் துண்டு என்பதால் அதைக் கழற்றி, 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஃபிலிமைப் பரப்போடு ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்து முழுக்க எடுத்தாயிற்று. செங்குத்தாக இழுத்தால் பசை மூடியிலேயே தங்கும். தங்கிய பசையை ஆல்கஹாலில் துடைத்து, மூடியின் உட்புறத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். அங்கேயும் சோப்பு நீர் வடிந்து காய்ந்த கறை இருந்தது.

மூடி தனியாக இல்லாமல் பம்பர் தோலுக்குப் பின்னாலேயே ரேடார் இருந்தால் எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது? ஆன்டெனாவுக்கும் பம்பருக்கும் உள்ள தூரத்தை அளந்து, கற்றையின் பாதிக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். தூரம் 40 மி.மீ, பாதிக் கோணம் 60 டிகிரி என்றால் 40 × 1.73, அதாவது ஒவ்வொரு பக்கமும் ஆன்டெனா விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய 70 மி.மீ. அந்தப் பகுதிக்குள் வெட்டு, மூட்டு, லோகோ எதுவும் வரக் கூடாது.

முன்பக்க நிறுவனச் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கும் வண்டிகளில் இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சின்னம் சாதாரணக் குரோம் அல்ல. உலோகப் பளபளப்பு தெரிந்தும் அலை ஊடுருவ வேண்டும் என்பதற்காக, இண்டியம் போன்ற உலோகத்தை ஒன்றோடொன்று தொடாத நுண் தீவுகளாகப் படிய வைத்துச் செய்வார்கள். அதைக் கழற்றி வெளிச் சந்தைக் குரோம் சின்னம் வைத்தால் ரேடாருக்கு முன்னால் உலோகச் சுவர் வைத்ததாகும். உலோகத் துகள் உள்ள வினைல் ஒட்டிக் கறுப்பாக்கினாலும் அதே கதி. மேடுபள்ளமான சின்னத்தின் மேல் பிபிஎஃப் ஒட்டினால் பள்ளங்களில் காற்று நிற்கும். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான், 3.9 மி.மீ அலைக்கு அது இல்லாத மாதிரி. ரேடார் புகாருக்குச் செராமிக்கைக் குற்றம் சொல்வதில் பொருள் இல்லை.

ஃபிலிம் எடுத்த உடனே எச்சரிக்கை போய்விட்டதா என்று நிறுத்திய வண்டியில் பார்த்துப் பயனில்லை. ரேடார் தன் முன்னால் மறைப்பு இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் ஓட்டத்தில், இலக்குகள் எப்படித் தெரிகின்றன என்பதை வைத்துத்தான் முடிவு செய்யும். கோடுகளை அழித்து, முன்பு எச்சரிக்கை வந்த அதே சாலையில், போக்குவரத்து உள்ள நேரத்தில், அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஆளே இல்லாத சாலையில் நல்ல ரேடாரும் மறைந்ததாகத் தன்னைச் சந்தேகிக்கும்.

பிளைண்ட் ஸ்பாட்: பழி ஃபிலிம் மேல், காரணம் வயர்

பின் ரேடார்கள் பம்பரின் இரு மூலைகளிலும் சாய்வாக உட்கார்ந்திருக்கும். பழைய வண்டிகளில் 24 ஜிகாஹெர்ட்ஸ் (அலைநீளம் 12.5 மி.மீ, ஃபிலிமைப் பொருட்படுத்தாது), புதியவற்றில் 77 பக்கம். இரண்டு மூலையிலும் ஒரே மாதிரி ஃபிலிம் இருந்தும் வலது மட்டும்தான் தப்பாக எரிந்தது. ஒரு பக்கம் மட்டும் புகார் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதைச் சந்தேகிக்கக் கூடாது. பம்பரின் வலது மூலையை விடுவித்துப் பார்த்ததில், பார்க்கிங் சென்சார் வயர்க்கட்டு அதன் கிளிப்பில் மாட்டப்படாமல் ரேடார் முகத்துக்கும் பம்பருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஆட ஆட அது அசைந்து, பொய் இலக்காகத் தெரிந்திருக்கிறது. கிளிப்பில் மாட்டியதும் தீர்ந்தது. பிராக்கெட் வளைந்திருக்கிறதா, மூன்று திருகும் இறுகியிருக்கிறதா, பம்பர் உதடு ரேடாரைத் தொடுகிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிட வேண்டும்.

கேமரா: ஒரு சாண் கண்ணாடி

முன்கண்ணாடியில் கேமரா பார்க்கும் சரிவகத் துண்டு மிகச் சின்னது. அங்கே கோட்டிங் சமமாகத் துடைக்கப்படாமல் மேடாக நின்றால் பகலில் கண்ணுக்குத் தெரியாது, இரவில் எதிர் விளக்கு பட்டால் மூட்டமாக விரியும். லேன் கோட்டுக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு கரையும். தண்ணீர் ஒட்டாத கண்ணாடியில் வைப்பர் சறுக்காமல் துள்ளுவதும் உண்டு. துள்ளிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு, அதில் சில கேமராவுக்கு நேர் எதிரே.

இருட்டில் வெளியிலிருந்து டார்ச் அடித்து, உள்ளிருந்து பார்த்தால் வானவில் சாயையும் வட்டத் துடைப்புத் தடமும் தெரியும். கண்ணாடிக்கான மென்மையான பாலிஷைச் சிறு ஃபோம் துண்டில் எடுத்துக் கையாலேயே, கேமரா பார்க்கும் பகுதியையும் ஓரம் ஐந்து செ.மீ-யும் தேய்க்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் கோட்டிங் போய்விட்டது. மிஷினும் சீரியம் ஆக்சைடும் (கண்ணாடியைத் தேய்த்தெடுக்கும் தூள்) கொண்டு அந்த இடத்தைக் குடைவது பெரும் தவறு. கண்ணாடியில் நுண்ணிய குழி விழுந்து லென்ஸ் போல வளைக்கும், பிறகு கண்ணாடியையே மாற்ற வேண்டி வரும். வைப்பர் ரப்பரையும் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், கோட்டிங் அதிலும் ஏறியிருக்கும். மீதிக் கண்ணாடியில் கோட்டிங் இருக்கட்டும்.

உட்புறத்தையும் விடக் கூடாது. டேஷ்போர்டுக்குப் போடும் பளபளப்புத் திரவத்தின் ஆவி கேமரா உறைக்குள் கண்ணாடியில் படியும். உறையை மட்டும் விலக்கி மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். கேமராவை அதன் பிராக்கெட்டிலிருந்து கழற்றினால் கேலிப்ரேஷன் கட்டாயமாகிவிடும். பக்கக் கண்ணாடியின் அடியிலும் பின் கதவிலும் உள்ள கேமராக்களில் ஃபிலிம் விளிம்பு படத்துக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று திரையில் பார்த்தால் போதும். லென்ஸின் மேல் எதையும் பூச வேண்டாம்.

கேலிப்ரேஷன் யாருக்குத் தேவை

பார்க்கிங் சென்சாருக்குத் தேவையில்லை. ஃபிலிம் உரித்ததால் மட்டும் ரேடாருக்கும் தேவையில்லை. பிராக்கெட் தளர்த்தப்பட்டது, ரேடார் கழற்றப்பட்டது, இடிபட்டது, கேமரா அசைக்கப்பட்டது, அல்லது ஸ்கேனரே கேட்கிறது என்றால் செய்தே ஆக வேண்டும். ஒரு டிகிரி விலகல் 100 மீட்டரில் 1.75 மீட்டர், சாதாரண லேனில் பாதி. பக்கத்து லேனில் போகும் வண்டிக்குப் பிரேக் பிடிக்க அது போதும். பம்பரை மாட்டும் முன் ரேடார் முகத்தின் சாய்வை டிஜிட்டல் கோணமானியால் அளந்து, சர்வீஸ் கையேட்டு அளவோடு ஒப்பிட்டால் தொல்லை முன்கூட்டியே தெரியும்.

காரணத்தை நீக்கும் முன் கேலிப்ரேஷன் செய்வதுதான் இந்த வகை வேலைகளில் நேரத்தையும் பணத்தையும் அதிகம் விழுங்கும் தவறு. ஈர ஃபிலிம் வழியாகச் செய்தால் பாதி நேரம் தோல்வியில் முடியும். தப்பித்தவறி முடிந்தாலும், ஃபிலிம் காய்ந்த பிறகு அந்த அளவை நம்ப முடியாது. செய்யும்போது டயர் காற்று நிறுவனம் சொன்ன அளவில், டிக்கி காலி, தரை சமம், ஸ்டீயரிங் நேர், பேட்டரியில் சார்ஜர் மாட்டியபடி.

சரிபார்ப்பு

பார்க்கிங் சென்சாருக்கு 75 மி.மீ விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள பிவிசி குழாய் நல்ல கருவி. ஐஎஸ்ஓ 17386 தரச்சோதனையும் இந்த அளவுக் குழாயையே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் நேரே 30, 60, 100 செ.மீ-யில் நிறுத்தி, ஸ்கேனர் காட்டும் தூரத்தை அளவு நாடாவோடு ஒப்பிட வேண்டும். இடது வலது ஜோடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். பிறகு பம்பரில் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி ஒருமுறை.

அடாப்டிவ் க்ரூஸை உண்மையான போக்குவரத்தில், கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க, அரை மணி நேர ஓட்டத்தில் பார்க்க வேண்டும். முன் வண்டியைப் பிடிக்கும் தூரம் வளைவில் அறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தானியங்கிப் பிரேக்கைச் சோதிக்கச் சுவரையோ ஆளையோ அட்டைப்பெட்டியையோ நோக்கி ஓட்டக் கூடாது. லேன் உதவியைப் பகலில் ஒருமுறை, எதிர் விளக்கு உள்ள இரவில் ஒருமுறை. கடைசியாக எல்லாப் பெட்டிகளையும் மீண்டும் ஸ்கேன் செய்து, முதல் ஸ்கேனோடு சேர்த்து வைக்க வேண்டும். ரேடார் மூடியிலும் கேமராவின் முன்னாலும் ஃபிலிமும் கோட்டிங்கும் இல்லை என்று வண்டிக்காரரின் வேலைத்தாளில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை பாலிஷ் போடுபவர் ‘இங்கே விட்டுப்போயிருக்கிறது’ என்று அந்த இடத்தைத்தான் முதலில் பூசுவார்.